பாலையாகும் அலைவரிசைகள்

நிலத்திற்குப் பெயரிட்டு, அந்தப் பெயருக்குள் பொழுதையும் பூவையும் பறவையையும் பறையையும் தொழிலையும் ஒழுக்கத்தையும் அடக்கிக் காட்டியது நம் இலக்கணம். குறிஞ்சி என்ற ஒரு சொல் காதில் விழுந்த அளவிலே மலையும் தினைப்புனமும் நெஞ்சில் எழ வேண்டும். நெய்தல் என்றால் உப்பங்கழியும் மீன்வலையும் எழ வேண்டும். பெயர் என்பது கேட்பவனுக்குத் தரப்பட்ட வாக்கு. கருப்பொருள்கள் ஒரு நிலத்திலிருந்து மற்றொரு நிலத்திற்குப் போய்வரத் தொல்காப்பியர் இடம் கொடுத்தார். ஆனால் இரு நிலங்கள் ஒன்றாய்க் கலந்து போவதற்கு இடம் கொடுத்தாரில்லை. சிலப்பதிகாரத்துக் காடுகாண் காதையிலோ இளங்கோவடிகள் இன்னும் ஒரு படி மேலே சென்று, முல்லையும் குறிஞ்சியும் தத்தம் இயல்பு திரிந்துபோனால் எஞ்சுவதே பாலை என்று காட்டினார். பாலை எனத் தனி நிலம் ஒன்று இல்லை. நல்ல நிலம் தன் தன்மையை இழந்த முகத்திற்கே அந்தப் பெயர்.

இலக்கண விரிவுரை நிகழ்த்தும் எண்ணம் எமக்கில்லை. தாராவியின் பத்தடிக்குப் பன்னிரண்டடி அறைகளில், சுவரின் உயரத்தில், அம்மன் படத்திற்கு அருகே அமர்ந்திருக்கும் தொலைக்காட்சிப் பெட்டியைப் பற்றியே பேச வந்தோம். அந்தப் பெட்டிக்குள் ஐந்திணை இருந்தது. இன்று அங்கே காண்பது பெரும்பாலும் பாலை.

மும்பைத் தமிழனுக்குத் தொலைக்காட்சி வெறும் பொழுதுபோக்கு அன்று என்பதை முதலில் நினைவூட்ட வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி தொட்டுத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்காக வந்து தாராவியில் குடியேறியவர்களின் வழிவந்தோர் நாம். அவர்களுக்குப் பின்னால் ஆலைத் தொழிலுக்கும் துறைமுகத்திற்கும் இட்லி வியாபாரத்திற்கும் அலுவலக வேலைக்கும் வந்தோர் தாராவியிலும் மாதுங்காவிலும் செம்பூரிலுமாகப் பரவினர். தமிழ்த் திரைப்படம் காண வேண்டுமானால் மாதுங்காவின் அரோரா திரையரங்கு. தமிழ் ஏடு வாங்க வேண்டுமானால் ரயில் நிலையத்துப் பக்கத்துக் கடை. தமிழிசை கேட்க வேண்டுமானால் சண்முகானந்தா அரங்கம், அதுவும் சீட்டு வாங்க வசதி உள்ளவர்க்கு. மும்பைத் தூர்தர்ஷன் 1972-இல் தொடங்கிற்று. அதில் நமக்கென்று கிடைத்தது மிகச் சிறிது. ஆகவேதான் 1993 ஏப்ரல் 14 அன்று, சித்திரைத் திருநாளில், சன் தொலைக்காட்சி தோன்றி, சில காலத்தில் கேபிள் வழியே நம் தெருக்களுக்குள்ளும் வந்தபோது, கடல் கடந்தவனுக்கு ஊர்க் கடிதம் வந்தது போன்ற மகிழ்ச்சி உண்டாயிற்று.

அன்று முதல் தாராவிக் குழந்தையின் காதில் விழும் தமிழில் ஒரு பெரும் பங்கு அந்தப் பெட்டியின் தமிழே. தெருவில் இந்தி, சந்தையில் மராத்தி, பள்ளியில் ஆங்கிலம். மாநகராட்சியின் தமிழ்வழிப் பள்ளிகள் இன்றும் உள்ளன. அவற்றில் படித்து உயர்ந்தோர் பலர். ஆயினும் பிள்ளையை ஆங்கில வழியில் சேர்க்கும் தந்தையை நாம் குறை கூற இயலுமா? அப்படிச் சேர்த்த பின், வீட்டில் பாட்டி பேசும் நெல்லைத் தமிழுக்கு அப்பால், உலகத்தைப் பற்றிப் பேசும் தமிழ், எண்ணைப் பற்றியும் விண்ணைப் பற்றியும் வரலாற்றைப் பற்றியும் பேசும் தமிழ் அந்தப் பிள்ளைக்கு எங்கிருந்து வரும்? அது வரக்கூடிய வாயில்களுள் ஒன்று, தனித்துறைக்கென்று பெயர் சூட்டிக்கொண்டு வந்த அலைவரிசைகள். அறிவியலுக்கு ஒன்று, வரலாற்றுக்கு ஒன்று, இசைக்கு ஒன்று, குழந்தைகளுக்கு ஒன்று என வந்தவை. அவை பெயரை மாற்றிக்கொண்டோ, பெயரை வைத்துக்கொண்டு உள்ளீட்டை மாற்றிக்கொண்டோ எல்லாரும் விற்பதையே தாமும் விற்கத் தலைப்பட்டால், இழப்பு சென்னையில் இருப்பவனுக்குச் சிறிது, நமக்குப் பெரிது.

இந்த நோய் நம் நாட்டில் மட்டும் தோன்றியதன்று. அமெரிக்காவில் 1972-இல், அப்பலாச்சிய மலைப்பகுதி மக்களுக்குச் செயற்கைக்கோள் வழியே கல்வி புகட்ட, விண்வெளி ஆய்வு நிறுவனமான நாசாவும் அந்நாட்டுக் கல்வி நலத்துறையும் கூடித் தொடங்கிய முயற்சி ஒன்று உண்டு. 1980-இல் அதற்கு 'தி லேர்னிங் சேனல்', அதாவது கற்றல் அலைவரிசை என்று பெயர் வைத்தார்கள். 1991-இல் டிஸ்கவரி நிறுவனம் அதனை வாங்கிற்று. 1998-இல் பெயர் டி.எல்.சி. என மூன்றெழுத்தாய்ச் சுருங்கிற்று. சுருங்கியது பெயர் மட்டுமா? கற்றல் என்ற சொல் மறைந்தபின் கற்றலும் மறைந்தது. குடும்பச் சண்டைகளும் திருமண ஆடைகளும் அந்த இடத்தில் வந்து அமர்ந்தன. இந்தியாவில் 2004-இல் பயணத்திற்கும் வாழ்வியலுக்குமாக வந்த டிஸ்கவரி நிறுவனத்தின் அலைவரிசை ஒன்று, 2010-இல் இதே மூன்றெழுத்தைச் சூட்டிக்கொண்டது. அந்த எழுத்துகளில் ஒன்று ஒரு காலத்தில் 'கற்றல்' என்று பொருள்பட்டது என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லித்தான் தெரிவிக்க வேண்டும்.

வரலாற்றின் கதை இதனினும் வேடிக்கையானது. ஹிஸ்டரி சேனல் என்ற பெயரால் ஓர் அலைவரிசை 2003-ஆம் ஆண்டு இறுதியில் இந்தியாவிற்கு வந்தது. 2008-இல் உரிம ஒப்பந்தம் முடிந்தவுடன் அதே அலைவரிசை 'ஃபாக்ஸ் ஹிஸ்டரி அண்ட் என்டர்டெயின்மென்ட்' ஆயிற்று. வரலாற்றுக்குத் துணையாகப் பொழுதுபோக்கு வந்து சேர்ந்தது. பின்னர் வரலாறு போய்ப் பயணம் வந்தது. 'ஃபாக்ஸ் டிராவலர்' ஆயிற்று. 2014-இல் பயணமும் போய், 'ஃபாக்ஸ் லைஃப்' ஆயிற்று. அசோகரில் தொடங்கிச் சமையலறையில் முடிந்த யாத்திரை! விருந்தாளியாய் வந்தவர் வீட்டுக்காரரை வெளியேற்றிய கதையை ஊரில் கேட்டிருக்கிறோம். இங்கே விருந்தாளியையும் இன்னொரு விருந்தாளி வெளியேற்றினார்.

ஹிஸ்டரி என்ற பெயர் 2011-இல் வேறொரு கூட்டின் மூலம் திரும்பி வந்தது. தமிழ் உள்ளிட்ட பல மொழிகளில் பேசிற்று. நல்லதுதான். ஆனால் அதன் தாய்வீட்டிலேயே காற்று மாறிவிட்டிருந்தது. அமெரிக்க ஹிஸ்டரி அலைவரிசை, ஓயாமல் உலகப் போரையே காட்டுகிறது என்று ஒரு காலத்தில் கேலி செய்யப்பட்டது. 2007-இல் பனிப்பாதையில் லாரி ஓட்டுவோரையும், 2009-இல் லாஸ் வேகாஸ் நகரத்து அடகுக் கடை ஒன்றையும் தன் முதன்மை நிகழ்ச்சிகளாக்கிக்கொண்டது. அடகுக் கடைக்கு வரும் பழம்பொருளில் வரலாறு இல்லையா என்று கேட்பர். உண்டு, துளி உண்டு. தாராவியிலும் அடகுக் கடைகள் உள்ளன. அங்கே போய் நிற்பவனுக்கு மனைவியின் கம்மலில் வரலாறு தெரிவதில்லை.

இதை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறோம்? கீழடியில் 2014-இல் தொடங்கிய அகழாய்வு தமிழர் நகர வாழ்வின் தொன்மையைப் பேச வைத்தது. தாமிரபரணிக் கரையின் சிவகளையில் கிடைத்த நெல் ஏறத்தாழ 3,200 ஆண்டுப் பழமை உடையது என்ற ஆய்வு முடிவு 2021-இல் சட்டமன்றத்திலேயே அறிவிக்கப்பட்டது. தாராவியின் பல குடும்பங்களுக்குச் சிவகளை என்பது செய்தித்தாள் சொல் அன்று. பேருந்தில் கடந்து போன ஊர், மாமன் மச்சான் இருக்கும் பக்கம். வரலாறு என்று நெற்றியில் எழுதிக்கொண்ட அலைவரிசை தமிழ் பேசுமானால், அந்த நெல்லுக்கு எத்தனை மணி நேரம், அடகுக் கடைக்கு எத்தனை மணி நேரம் என்று கேட்க நமக்கு உரிமை இல்லையா?

இசைக்கு வருவோம். எம்.டி.வி. என்பது 1981-இல் இசைத் தொலைக்காட்சி என்ற விரிவோடு பிறந்தது. 2010-இல் தன் சின்னத்திலிருந்து அந்த விரிவையே நீக்கிவிட்டது. அந்த அளவிற்கு அது நேர்மை என்றே கூறலாம்; பண்டம் இல்லாத கடை பலகையையாவது கழற்றிற்று. சேனல் வி 2012-இல் பாடலை நிறுத்தி இளைஞர் தொடர்களுக்குத் தாவி, 2016-இல் மீண்டும் பாடலுக்குத் திரும்பி, 2018-இல் மறைந்தே போயிற்று. தமிழிலும் அதே வழிதான். விஜய் குழுமத்தின் இசை அலைவரிசை 2022-இல் 'விஜய் டக்கர்' என்று இளைஞர் அலைவரிசையாகப் பெயர் மாறிற்று. டக்கர் என்றால் சென்னைத் தெருவில் 'அருமை' என்று பொருள். நம் மும்பையில் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்பதை ரிக்‌ஷா ஓட்டும் எந்த அன்பரையும் கேளுங்கள்: மோதல், இடி. இசை இருந்த இடத்தில் இடி வந்ததற்கு இதைவிடப் பொருத்தமான பெயர் வாய்த்திருக்காது.

அந்தத் தாய் அலைவரிசையின் பெயரே ஒரு பாடம். 1994-இல் கோல்டன் ஈகிள் கம்யூனிகேஷன்ஸ் என்ற நிறுவனப் பெயரின் சுருக்கமாக ஜி.இ.சி. என்று பிறந்தது, கைமாறியபோது விஜய் ஆயிற்று, 2001-இல் ஸ்டார் குழுமத்தோடு சேர்ந்தபின் ஸ்டார் விஜய் ஆயிற்று. 2024 நவம்பரில் ஜியோஸ்டார் என்ற பெருங்கூட்டு உருவானபின், ஸ்டார் விஜய்யும் கலர்ஸ் தமிழும் எம்.டி.வி.யும் ஒரே கூரையின் கீழ் வந்துவிட்டன. உடையவன் மாறினால் பெயர் மாறும். உள்ளீடு யாருக்கு வேண்டும் என்பதே இத்தொழிலின் எழுதாத விதி.

தனியார் வணிகம் அப்படித்தான் என்று விட்டுவிடலாம். அரசுத் தொலைக்காட்சி என்ன செய்தது? சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்டு 15-இல் தொடங்கியது. அதன் வழிவந்த செயற்கைக்கோள் அலைவரிசைக்குப் 'பொதிகை' என்று பெயர் வாய்த்தது. எவ்வளவு அரிய பெயர்! அகத்தியர் அமர்ந்த மலை என்று மரபு போற்றும் மலை. தாமிரபரணி பிறக்கும் மலை. நெல்லை மண்ணிலிருந்து வந்த தாராவி மக்களுக்கு ஊர்க்கோடியில் நீலமாய்த் தெரிந்த மலை. அந்தப் பெயரை 2024 ஜனவரி 19-இல் எடுத்துவிட்டு 'டிடி தமிழ்' என்று ஆக்கினார்கள். புதிய தோற்றம், புதிய நிகழ்ச்சிகள் என்று விளக்கம் சொன்னார்கள். நிகழ்ச்சிகள் புதியன ஆகட்டும்; மலை என்ன பழுது செய்தது? ஒன்று கவனியுங்கள். நாம் வாழும் இந்த மாநிலத்தின் மராத்தித் தூர்தர்ஷன் இன்றும் 'சஹ்யாத்ரி' என்றே வழங்குகிறது. மராத்தியர் தம் மலையை விடவில்லை. அவர்களைக் கண்டு பொறாமைப்படுவதற்கன்று, பாடம் கற்பதற்கே இதைச் சொல்கிறோம். தமிழ் என்ற பெயர் பெருமைதானே என்பர் சிலர். பெருமைதான், ஆனால் எல்லா மொழிக்கும் ஒரே அச்சில் வார்த்த முன்னொட்டோடு ஒட்டிய தமிழ் வேறு, தன் மண்ணின் மலைப்பெயரோடு நின்ற தமிழ் வேறு.

இனி, இவ்வாறு ஏன் நிகழ்கிறது என்ற கேள்விக்கு வருவோம். அலைவரிசைக்கு விளம்பரம் வேண்டும். விளம்பரத்திற்கு எண்ணிக்கை வேண்டும். 2015 முதல் பார்க் என்னும் அமைப்பு, தேர்ந்தெடுத்த சில பத்தாயிரம் வீடுகளில் கருவி பொருத்திப் பார்வையாளரைக் கணக்கிடுகிறது. தமிழ் அலைவரிசைக்கு விளம்பரம் தருவோர் முதன்மையாக நோக்கும் சந்தை எது? தமிழ்நாடும் புதுச்சேரியும். தாராவியிலும் செம்பூரிலும் காட்கோபரிலும் எத்தனை வீடுகளில் மாலை முழுவதும் தமிழ் ஒலித்தாலும், அந்த ஒலி விளம்பரதாரரின் தராசுத் தட்டில் ஏறுவது அரிது. நாம் பார்ப்பவர், எண்ணப்படுபவர் அல்லர். எண்ணப்படாதவனின் விருப்பத்திற்கு எந்த வணிகன் கடை விரிப்பான்? நாலு பேர் பார்க்கும் வானியல் நிகழ்ச்சியை விட நாற்பது பேர் பார்க்கும் மாமியார் தொடர் இலாபம் தரும். ஒருவன் அதைச் செய்து வென்றால் அடுத்தவனும் செய்வான். நூறு அலைவரிசை, ஒரே அழுகை.

ஆனால் நாம் பணம் கொடுப்பவர்கள் என்பதை அவர்கள் மறந்தார்கள், நாமும் மறந்துவிட்டோம். மும்பையில் 2012-இல் செட்டாப் பெட்டி கட்டாயமாயிற்று. 2019 பிப்ரவரி முதல் தேதி தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் புதிய கட்டண முறை நடைமுறைக்கு வந்தது: அடிப்படையாக 100 அலைவரிசைகளுக்கு 130 ரூபாயும் வரியும், அதற்குமேல் கட்டண அலைவரிசைகளைப் பெயர் சொல்லித் தேர்ந்து விலை கொடுத்து வாங்க வேண்டும் என்று ஆயிற்று. அதற்கு முன் கேபிள்காரர் தந்ததைப் பார்த்தோம். அதன்பின் பெயரைப் பார்த்து வாங்குகிறோம். எனவே பெயர் இப்போது அலங்காரம் அன்று, விலைச்சீட்டு. துவரம்பருப்பு என்று எழுதிய மூட்டையில் பட்டாணிப் பருப்பை நிரப்பி விற்கும் கடைக்காரனை நம் தாய்மார்கள் என்ன செய்வார்கள் என்பதை விளக்க வேண்டியதில்லை.

தோல்பை தைக்கும் அன்பர் ஒருவர் வீட்டில் கண்டதைக் கூறலாம். மகன் ஏழாம் வகுப்பு. அறிவியலைத் தமிழில் கேட்கட்டும் என்று மாதந்தோறும் ஒரு தொகுப்பிற்குப் பணம் கட்டி வந்தார். ஒருநாள் யாம் சென்றிருந்தபோது, அந்த அறிவு அலைவரிசையில் யாரோ இருவர் கைவிடப்பட்ட கிடங்கின் பூட்டை உடைத்து உள்ளே இருப்பதை ஏலம் எடுத்துக்கொண்டிருந்தனர். அன்பர் சிரித்தபடி, "ஐயா, இதை நம்ம பதிமூணாம் காம்பவுண்டு பழைய சாமான் கடையில சும்மாவே காட்டுவாங்களே" என்றார். பையன் சிரிக்கவில்லை, அவனுக்கு அதுவே அறிவியல் என்று ஆகியிருந்தது.

எதிர்வாதங்களையும் கேட்போம். தனித்துறை மட்டும் காட்டினால் நட்டம் வரும் என்பது முதல் வாதம். சுட்டி டிவி 2007-இல் குழந்தைகளுக்கென்று வந்தது. டோராவைத் தமிழ் பேச வைத்தது. குழந்தைகளை விட்டு அகலாமலே நிற்கிறது. அதன் நிகழ்ச்சிகளில் பெரும்பாலானவை பிறமொழியிலிருந்து பெயர்த்தவை என்ற குறை எமக்கு உண்டு. ஆயினும் பலகையில் எழுதியதையே உள்ளே விற்கிறது. டிஸ்கவரி 2011-இல் தமிழில் பேசத் தொடங்கியபோது, காட்டில் புழுவைத் தின்னும் பியர் கிரில்ஸ் நம் குழந்தைகளுக்கு உறவினர் ஆனார். 2020-இல் ரஜினிகாந்தும் அவரோடு பந்திப்பூர்க் காட்டில் நடந்தார். தமிழில் அறிவைச் சுவையாகச் சொன்னால் பார்ப்பார் உண்டு என்பதற்கு வேறு சான்று வேண்டுமா? மக்கள் தொலைக்காட்சி, திரைப்படமும் நெடுந்தொடரும் இன்றி, கலப்பில்லாத தமிழில் நடத்துவோம் என்று துணிந்து தொடங்கிற்று. ஆங்கிலம் கலவாமல் பேசுவோர்க்குத் தங்கக் காசு கொடுத்தது. அதனை நடத்தியோரின் அரசியலை ஏற்பார் ஏற்க, மறுப்பார் மறுக்க. வீட்டில் பிள்ளைகள் அந்த ஆட்டத்தைத் தாங்களே ஆடிப் பார்த்ததை நாம் அறிவோம். கொள்கையுடைய அலைவரிசைக்கு வருவாய் குறைவு என்பது உண்மை. குறைந்த வருவாய்க்கு ஏற்ற குறைந்த செலவில் நடத்துவது தொழில். பெயரை விற்று ஊரை ஏய்ப்பது தொழில் அன்று.

காலம் மாறும்போது கலப்பும் வரும் என்பது இரண்டாவது. கலப்பை யார் மறுத்தார்? கருப்பொருள் மயங்கலாம். வரலாற்று அலைவரிசையில் ஒரு சமையல் வரட்டும், சோழர் காலத்துச் சமையலாய் வரட்டும். நிலமே போய்விடுவதைத்தான் மறுக்கிறோம்.

கைப்பேசி வந்தபின் தொலைக்காட்சிக்காக அழுவானேன் என்பது மூன்றாவது. கைப்பேசி ஒருவன் காதுக்கு; சுவரில் இருக்கும் பெட்டி வீட்டின் காதுக்கு. விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து இட்லி அவிக்கும் தாய், மாலையில் மாவு அரைத்துக்கொண்டே கேட்பது அந்தப் பெட்டியைத்தான். அவள் பக்கத்தில் அமர்ந்து வீட்டுப்பாடம் எழுதும் பிள்ளை, கேட்க வேண்டுமென்று எண்ணாமலே கேட்பதும் அதைத்தான். தானே தேடிப் போகாத தமிழ் பிள்ளையின் காதில் விழும் இடம் அது ஒன்றே. தேடுகிறவனுக்கு எங்கும் கிடைக்கும். தேடத் தெரியாத ஏழு வயதுக் குழந்தைக்கு?

வேண்டுவது என்ன? டிராயின் விதிகளின்படி ஒவ்வோர் அலைவரிசையும் தான் செய்தியா, இசையா, குழந்தைகளுக்கானதா, அறிவூட்டுவதா என்ற வகையை அறிவிக்க வேண்டும். செட்டாப் பெட்டியின் பட்டியலிலும் அந்த வகைப்படியே வரிசைப்படுத்தப்படுகிறது. அறிவித்த வகைக்கு, மக்கள் பார்க்கும் மாலை நேரத்தில் குறைந்தது பாதி நேரமாவது ஒதுக்க வேண்டும் என்று கேட்போம். பெயரையோ வகையையோ மாற்றினால் ஒரு மாதம் முன்பே தமிழில் அறிவித்து, விருப்பமில்லாதவர் அபராதமின்றித் தொகுப்பிலிருந்து விலக வழி செய்ய வேண்டும் என்று கேட்போம். தமிழ்நாட்டுக்கு வெளியே வாழும் தமிழ் வீடுகளின் எண்ணிக்கையைத் தமிழ் அலைவரிசைகளின் கணக்கில் தனியே காட்ட வேண்டும் என்று கேட்போம்.

கேட்பதற்கு வழி உண்டு. ஆணையம் விதிகளை மாற்றும்போதெல்லாம் கலந்தாய்வுத் தாள் வெளியிட்டுப் பொதுமக்கள் கருத்தைக் கேட்கிறது. ஒளிபரப்பு நிறுவனங்கள் வழக்கறிஞர்களை வைத்துப் பக்கம் பக்கமாக எழுதுகின்றன. தாராவியிலிருந்தும் மாதுங்காவிலிருந்தும் செம்பூரிலிருந்தும் நம் மன்றங்களின் பெயரால் ஒரு மடலேனும் போகட்டும். வெற்று முறையீடாக அன்று, கணக்கோடு போகட்டும். தொண்ணூறடிச் சாலைப் பக்கம் பத்து வீடுகள், மாதுங்காவில் ஐந்து, செம்பூர் சேடா நகரில் ஐந்து. வீட்டிற்கு ஒரு நாற்பது பக்கக் குறிப்பேடு. மாலை ஏழு முதல் பத்து வரை, அலைவரிசையின் பெயர் ஒரு கட்டத்தில், அதில் உண்மையில் ஓடியது அடுத்த கட்டத்தில். எழுதுவது பிள்ளைகளின் வேலையாக இருக்கட்டும், தமிழிலேயே எழுதட்டும். ஒரு மாதம் முடிந்தபின் குறிப்பேடுகளை மன்ற அலுவலகத்தில் சேர்த்தால், கூட்டிப் பார்த்து மடலோடு இணைக்கும் பொறுப்பை யாம் ஏற்கிறோம்.